ஆள் பற்றாக்குறை என்றால் உண்மையில் என்ன? கொங்கு நாடும் வெளிமாநிலத் தொழிலாளர்களும்

திருப்பூரிலோ பெருந்துறையிலோ பல்லடத்திலோ தொழிலைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் வந்து விழும். ஒன்று, "உள்ளூர்க்காரர்கள் யாரும் வேலைக்கு வருவதில்லை." மற்றொன்று, "வடக்கிலிருந்து வந்தவர்கள் நம் ஆட்களின் வேலையைப் பிடித்துக்கொண்டார்கள்." இரண்டையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் சொல்வதும் உண்டு. வேலைக்கு உள்ளூரில் ஆளே இல்லை என்றால் பறிக்க ஒன்றும் இல்லை. பறித்துவிட்டார்கள் என்றால் அந்த வேலைக்கு ஆள் இருந்திருக்க வேண்டும். இரண்டும் ஒருசேர முழு உண்மையாக இருக்க முடியாது.

ஆனாலும் இரண்டிலும் கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இந்தப் பேச்சு ஓய்வதில்லை, கோபமும் சேர்ந்துகொள்கிறது. பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம், மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களிலிருந்து கொங்கு நாட்டுக்கு ஆட்கள் ஏன் வருகிறார்கள், இங்குள்ள தொழில் அவர்களை எப்படிச் சார்ந்து நிற்கத் தொடங்கியது, இதில் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்பதைப் பொருளாதாரம் படிக்காதவருக்கும் விளங்கும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

நூல் விலையும் ஆள் கூலியும்

2022 மே மாதத்தில் நூல் விலை தாங்க முடியாத அளவுக்கு ஏறியபோது திருப்பூர்ப் பனியன் கம்பெனிகள் இரண்டு நாள் வேலையை நிறுத்திப் போராடின. அப்போது "நாட்டில் நூலே இல்லை" என்பது அவர்களின் குறையாக இருக்கவில்லை. நூல் இருந்தது, பழைய விலைக்கு இல்லை. அதுதான் குறை.

ஆள் விஷயத்திலும் நடப்பது இதுவேதான். "ஆள் கிடைக்கவில்லை" என்ற பேச்சுக்குள் சொல்லாமல் விட்ட ஒரு நிபந்தனை எப்போதும் இருக்கிறது. இந்தக் கூலிக்கு, இந்த நேரத்துக்கு, இந்தச் சூழலில் வேலை செய்ய ஆள் கிடைக்கவில்லை என்பதே அதன் முழு வடிவம். நிபந்தனையை மாற்றினால் கிடைக்கும் ஆட்களின் எண்ணிக்கையும் மாறும்.

இங்கே ஒரு சொல்லை அறிமுகப்படுத்த வேண்டும். ஒருவர் "குறைந்தது இவ்வளவாவது கிடைத்தால்தான் அந்த வேலைக்குப் போவேன்" என்று மனத்தில் வைத்திருக்கும் அளவை எதிர்பார்ப்புக் கூலி என்று வைத்துக்கொள்வோம். அது பணம் மட்டுமல்ல. அவிநாசிக்குப் பக்கத்தில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை வைத்திருக்கும் ஒரு பெண் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்தரை வரை செக்கிங் வேலைக்கு வரத் தயாராக இருக்கலாம். இரவு எட்டரை வரை இருக்கச் சொன்னால் கூலி கூடுதலாகக் கிடைத்தாலும் வரமாட்டார். அவருடைய எதிர்பார்ப்பில் பிள்ளைகள் வீடு திரும்பும் நேரமும் அடக்கம். கழிப்பறை வசதி, மேஸ்திரியின் நாக்கு, கடைசி பஸ், சாயத்தின் நெடி எல்லாம் அடக்கம்.

முதலாளி பொய் சொல்கிறார் என்று இதற்குப் பொருள் அல்ல. ஒரு டி-சட்டைக்கு இவ்வளவுதான் என்று விலை வைப்பவர் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருக்கிறார். அதே சட்டையை வங்கதேசமும் வியட்நாமும் தைத்துத் தரக் காத்திருக்கின்றன. கூலியை ஒரே நாளில் இரட்டிப்பாக்கும் கம்பெனி ஆர்டரை இழந்துவிடும். ஆகவே பற்றாக்குறை உண்மையானதுதான். ஆனால் அது தலை எண்ணிக்கையில் விழுந்த குறை அல்ல. வாங்குபவர் தரும் விலைக்கும் உழைப்பவர் கேட்கும் கூலிக்கும் நடுவே விழுந்த இடைவெளி.

உள்ளூர் ஆள் எங்கே போனார்?

கோயம்புத்தூரின் முதல் நூற்பாலை 1888இல் வந்தது. 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தபிறகு மில்கள் பெருகின. சுற்றுவட்டார விவசாயக் கூலிகளும் சிறு விவசாயிகளின் பிள்ளைகளும் அவற்றில் வேலைக்குச் சேர்ந்தார்கள். 1980களில் திருப்பூரின் ஏற்றுமதி வளர்ந்தபோது கிராமங்களிலிருந்து வந்தவர்கள் போதவில்லை. மதுரை, தேனி, திண்டுக்கல், ராமநாதபுரம், தஞ்சைப் பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அன்றைக்கு "வெளியூர்க்காரர்" என்று சொல்லப்பட்டவர்கள் அவர்கள்தாம். நூற்பாலைகளோ தென்மாவட்டங்களின் ஏழை வீட்டுப் பெண்பிள்ளைகளை அழைத்துவந்து விடுதியில் தங்கவைத்தன. சில ஆண்டுகள் வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொன்ன 'சுமங்கலித் திட்டம்' அப்படி வந்ததுதான். அது எத்தனை பிள்ளைகளின் உடம்பையும் படிப்பையும் தின்றது என்பது கொங்கு நாட்டுத் தொழில் வரலாற்றில் மறைக்கக் கூடாத பக்கம்.

வடமாநிலத்தவர் வருகை இந்த வரிசையில் கடைசியாக வந்தது. 2000க்குப் பிறகு வேகம் எடுத்தது. ஒவ்வொரு அலையிலும் ஒன்றே நடந்திருக்கிறது. முதலில் வந்தவரின் பிள்ளை அப்பா செய்த வேலையைச் செய்யவில்லை. கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாகச் சேர்ந்தவர் டெய்லர் ஆனார். டெய்லர் நான்கு மெஷின் வாங்கி ஜாப் ஒர்க், அதாவது பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் வேலை எடுத்தார். அவர் மகள் கல்லூரிக்குப் போனார்.

எண்கள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. 2021–22ஆம் ஆண்டு உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கல்லூரி வயதினரில் உயர்கல்விச் சேர்க்கை 47 சதவீதம், பீகாரில் சுமார் 17 சதவீதம். பிறப்பு விகிதத்திலும் வேறுபாடு உண்டு. ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக எத்தனை குழந்தை பெறுகிறார் என்பதை மொத்தக் கருவள விகிதம் என்பார்கள். மக்கள்தொகை குறையாமல் இருக்க அது 2.1 அளவில் இருக்க வேண்டும். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் விகிதம் 1.8, பீகாரின் விகிதம் 3.0. தமிழ்நாடு 2.1க்குக் கீழே இறங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பிறந்த பிள்ளைகளே குறைவு. அவர்களிலும் பாதிப்பேர் கல்லூரியில். சாயப்பட்டறைக்கும் பவுண்டரிக்கும் இருபது வயதுப் பையன்கள் எங்கிருந்து வருவார்கள்?

நூறு நாள் வேலைதான் ஆட்களைக் கெடுத்தது என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. களையெடுப்புக் கூலி ஏறியதில் அதற்கும் பங்கு இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் நடுத்தர வயதைத் தாண்டிய பெண்கள், ஆண்டுக்கு அதிகபட்சம் நூறு நாள் செய்த வேலை அது. பவுண்டரியில் இரவு ஷிப்டுக்கு ஆள் இல்லாததற்கு அதைக் காரணம் சொல்வது பொருந்தாது. உழைக்கச் சோம்பல் என்ற பேச்சும் அப்படித்தான். தன் பிள்ளை தன்னைப்போல் கஷ்டப்படக் கூடாது என்று நினைத்த பெற்றோரின் உழைப்பு பலித்திருக்கிறது. அதற்குச் சோம்பல் என்று பெயர் வைப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

இதுவரை பார்த்தது: பற்றாக்குறை என்பது குறிப்பிட்ட கூலிக்கும் நேரத்துக்கும் ஏற்படும் பற்றாக்குறை. கல்வியும் சிறிய குடும்பமும் வேறு வாய்ப்புகளும் உள்ளூர்க்காரரின் எதிர்பார்ப்புக் கூலியை உயர்த்திவிட்டன.

அவர்கள் ஏன் இவ்வளவு தூரம் வருகிறார்கள்?

தமிழ்நாட்டின் தனிநபர் வருமானம் பீகாரின் வருமானத்தைப்போல் சுமார் ஐந்து மடங்கு. ஒரு நாட்டுக்குள்ளேயே இருக்கும் இந்த இடைவெளி பெரியது. பொருளாதார அறிஞர் ஆர்தர் லூயிஸ் 1954இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். ஏழை நாட்டின் விவசாயத்தில் தேவைக்கு மேல் ஆட்கள் தேங்கியிருப்பார்கள். இரண்டு ஏக்கரில் நான்கு அண்ணன் தம்பிகள் உழைப்பார்கள்; இருவர் வெளியேறினாலும் விளைச்சல் பெரிதாகக் குறையாது. இப்படித் தேங்கிய உழைப்பை உபரி உழைப்பு என்பார்கள். நகரத்துத் தொழில், கிராமத்தில் கிடைப்பதைவிடச் சற்றுக் கூடுதலான கூலி கொடுத்தாலே இந்த உபரியை இழுத்துக்கொள்ளலாம். உபரி தீரும்வரை கூலி பெரிதாக ஏற வேண்டியதில்லை. தீர்ந்ததும் கூலி ஏறத் தொடங்கும்.

கொங்கு நாட்டின் சொந்த உபரி தீர்ந்துவிட்டது. லூயிஸின் கணக்குப்படி இங்கே கூலி வேகமாக ஏறியிருக்க வேண்டும். ஆனால் ரயில் பாதை இன்னொரு மாநிலத்தின் உபரியைக் கொண்டுவந்து சேர்த்தது. தன்பாத்தில் ஏறினால் ஈரோட்டிலோ திருப்பூரிலோ கோவையிலோ இறங்கலாம்; ஆலப்புழா எக்ஸ்பிரஸ் நேராக வருகிறது.

வருபவர் கூலியை அளக்கும் கோல் வேறு. திருப்பூர்க்காரர் தன் சம்பளத்தைத் திருப்பூர் வாடகையோடும் பள்ளிக் கட்டணத்தோடும் ஒப்பிடுகிறார். பீகாரிலிருந்து வந்தவர் தன் ஊர்க் கூலியோடும், அங்கே கட்டி முடிக்க வேண்டிய வீட்டோடும், தங்கையின் கல்யாணத்தோடும் ஒப்பிடுகிறார். செலவழிப்பது இங்கே கொஞ்சம், அனுப்புவது அங்கே அதிகம். அதே ரூபாய்க்கு இருவரிடமும் மதிப்பு ஒன்றல்ல.

ஒருவர் வந்தபின் அடுத்தவர் வருவது எளிதாகிறது. அண்ணன் தம்பியை அழைக்கிறார், தம்பி நண்பனை அழைக்கிறார். இதைத் தொடர் இடப்பெயர்வு என்பார்கள். ஒரு கம்பெனியின் அறையில் ஒரே கிராமத்துக்காரர்கள் நிறைந்திருப்பது இதனால்தான். உறவு இல்லாத இடத்தில் காண்டிராக்டர் வருகிறார். தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கிக்கொண்டு ஆள் சேர்க்கிறார். சில இடங்களில் முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப்போடவும் செய்கிறார்.

நமக்கு இது புதிதாகத் தோன்றக் கூடாது. சேலம், திருச்சி ஜில்லாக்களிலிருந்து நம் முன்னோரைக் கங்காணிகள் என்ற ஆள் சேர்க்கும் மேஸ்திரிகள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே 'துண்டு' என்ற கடன்சீட்டு இருந்தது. அந்தக் கடனைக் கட்டினால்தான் தோட்டம் மாறலாம். வால்பாறை எஸ்டேட்டுகளும் சமவெளியிலிருந்து இப்படி ஆள் சேர்த்து எழுந்தவைதாம். அதே வால்பாறையில் இன்று ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் கொழுந்து பறிக்கிறார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வட இந்தியா முழுவதும் போய் ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றன. அங்கே நாம்தான் வெளியூர்க்காரர்.

கம்பெனிக்குக் கிடைப்பது மலிவான ஆளா?

இந்த விஷயத்தில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம் இதுதான். "குறைந்த கூலிக்கு வருகிறார்கள், அதனால் வைத்துக்கொள்கிறார்கள்" என்பது பொதுக் கருத்து. பல இடங்களில் அது உண்மை. ஆனால் பீஸ் ரேட்டில் தைக்கும் ஒரு நல்ல டெய்லருக்கு, அவர் எந்த ஊராக இருந்தாலும், ஒரு பீஸுக்கு ஒரே தொகை கிடைப்பதும் உண்டு. கம்பெனி அப்போதும் வெளிமாநிலத்தவரை விரும்புகிறது. ஏன்?

அவர் எப்போதும் இருக்கிறார். அதுதான் காரணம்.

கம்பெனி கொடுத்த அறையிலேயே தங்குகிறார். உறவினர் வீட்டுக் காதுகுத்தும் குலதெய்வப் பொங்கலும் அவரை நடுவில் இழுப்பதில்லை. ஊருக்குப் போனால் ஹோலிக்கோ சாத் பூஜைக்கோ மொத்தமாகப் போய் மொத்தமாகத் திரும்புகிறார். கப்பல் தேதி நெருங்கும்போது ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேரம், தயங்காமல் நிற்கிறார். வந்ததே சம்பாதிக்கத்தான், ஓய்வு நேரம் அவருக்கு வெறும் செலவு. குடும்பத்தோடு இருக்கும் உள்ளூர்க்காரரால் இதில் போட்டியிட முடியாது.

இன்னொரு பக்கமும் உண்டு. ஆர்டர் குறைந்தால் அவரை அனுப்புவது எளிது. 2020 ஊரடங்கில் இதை நாடே பார்த்தது. வேலை நின்ற நாளில் அறை இருந்தது, கூலி இல்லை. மே 1 முதல் சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கியபோது ஆயிரக்கணக்கானோர் மூட்டையோடு கிளம்பினார்கள். சில மாதங்களில் ஆர்டர் திரும்பியது. பயணச் செலவும் முன்பணமும் கொடுத்து அவர்களைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள்மீது அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோதும் திருப்பூரின் ஆர்டர்கள் ஆட்டம் கண்டன. இப்படிப்பட்ட அடி விழும்போது கூலியில்லா நாள்கள் முதலில் போய்ச் சேரும் இடம் எங்கோ ஒரு பீகார் கிராமத்து வீடு. அங்கே அவர்கள் பசித்திருப்பது இங்கே கணக்கில் வருவதில்லை.

கணக்கில் வராத வேறு செலவும் இருக்கிறது. இருபது வயதில் ரயிலைவிட்டு இறங்கும் இளைஞரைப் பெற்று, வளர்த்து, படிக்கவைத்த செலவு முழுவதும் அவர் ஊருடையது. உடம்பு தளர்ந்து ஐம்பது வயதில் அவர் திரும்பிப் போனபின் பார்த்துக்கொள்ளும் செலவும் அந்த ஊருடையது. நடுவில் இருக்கும் பலமான ஆண்டுகள் மட்டும் இங்கே. ஏழை மாநிலம் பணக்கார மாநிலத்துக்கு இப்படி ஓசையில்லாமல் மானியம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அவர்கள் அனுப்பும் பணம் அதற்கு ஓரளவு ஈடு. முழு ஈடு என்று எனக்குத் தோன்றவில்லை.

பேரம் பேசும் பலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1984இல் பஞ்சப்படி (விலைவாசிக்கு ஏற்ப ஏறும் படி) கேட்டுத் திருப்பூர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உள்ளூரில் வீடும் உறவும், கடன் கொடுக்க ஒரு மளிகைக் கடையும் இல்லாதவரால் அத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியாது. படுக்கும் அறையே கம்பெனியுடையது என்றால், வேலையை நிறுத்திய அன்றே அறையையும் இழக்க நேரும்.

சுருக்கமாகச் சொன்னால், வெளிமாநிலத்தவரிடம் தொழில் வாங்குவது கூலியில் மிச்சத்தை மட்டுமல்ல. எப்போது வேண்டுமானாலும் நீட்டவும் சுருக்கவும் முடிகிற உழைப்பை வாங்குகிறது.

சார்பு எப்படி இறுகுகிறது?

முதலில் கம்பெனி ஆள் இல்லாத இடத்தை நிரப்ப வெளிமாநிலத்தவரை வைக்கிறது. பிறகு அவருக்கு ஏற்றபடி வேலையே மாறுகிறது. பன்னிரண்டு மணி நேரம் வழக்கமாகிறது. அறைகள் கட்டப்படுகின்றன. மேஸ்திரி இந்தி கற்றுக்கொள்கிறார். சில ஆண்டுகளில் அந்த வேலை "வடக்கத்தி ஆட்கள் செய்கிற வேலை" என்று பெயர் வாங்கிவிடுகிறது. மாலை ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டிய அந்த அவிநாசிப் பெண்ணுக்கு அங்கே இடமே இல்லாமல் போகிறது. அதன்பிறகு "உள்ளூர்க்காரர் வருவதில்லை" என்பது முழு உண்மையாகிவிடுகிறது. ஆனால் அதை உண்மையாக்கியதில் வேலையின் அமைப்புக்கும் பங்கு உண்டு.

இப்படி ஒரே ஊரில் ஒரே தொழிலில் இரண்டு தனித்தனிக் கூட்டங்களுக்கு இரண்டு வகை வேலைகள் ஒதுங்கிவிடுவதைப் பிளவுபட்ட தொழிலாளர் சந்தை என்பார்கள். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஆட்கள் தாண்டுவது அரிது.

இது முற்றினால் என்ன ஆகும் என்பதற்கு மலேசியாவைப் பார்க்கலாம். அதுவும் வளர்ந்துவரும் பொருளாதாரம்தான். அங்கே செம்பனைத் தோட்டம், கட்டடம், ரப்பர் கையுறை ஆகிய தொழில்கள் இந்தோனேசியா, வங்கதேசம், நேபாளம் ஆகிய நாடுகளின் தொழிலாளர்களை நம்பி நிற்கின்றன. வெளிநாட்டு ஆளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று அரசு வரி விதிக்கிறது. எண்ணிக்கையைக் குறைப்போம் என்று ஒவ்வோர் அரசும் சொல்லும். ஆள் போதவில்லை என்று தொழிலதிபர்கள் முறையிட்டதும் மறுபடி அனுமதி கொடுக்கும். கைக்கு ஆள் கிடைத்துக்கொண்டே இருப்பதால் இயந்திரம் வாங்கும் அவசரம் பலருக்கு வரவில்லை. 2021 மார்ச்சில் அந்நாட்டின் மிகப் பெரிய கையுறை நிறுவனத்தின் சரக்கை, கட்டாய உழைப்பின் அடையாளங்கள் இருப்பதாகச் சொல்லி அமெரிக்கா நாடு முழுவதும் தடுத்து நிறுத்தியது. தரகருக்குக் கட்டிய தொகைக்காகத் தொழிலாளர்கள் கடனில் மூழ்கியிருந்தது முக்கியப் புகார்களில் ஒன்று. அந்தத் தொகையை நிறுவனம் திருப்பிக் கொடுத்தது; சில மாதங்கள் கழித்தே தடை நீங்கியது. வெளிநாட்டு வாங்குநரை நம்பிப் பிழைக்கும் திருப்பூர் இந்தச் செய்தியைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. மலேசியாவில் வெளிநாட்டுத் தொழிலாளியின் அனுமதி ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. இங்கே வருபவர் இந்தியக் குடிமகன். இந்தக் கம்பெனி பிடிக்கவில்லை என்றால் அடுத்த தெருவில் உள்ள கம்பெனிக்குப் போகலாம், போகவும் செய்கிறார். அந்தச் சுதந்திரம்தான் அவர் கூலியைக் கொஞ்சமாவது ஏற்றிக்கொண்டிருக்கிறது.

வேலையைப் பறிக்கிறார்களா?

ஒரு ஊரில் மொத்தம் இத்தனை வேலைகள்தாம், ஒருவர் எடுத்தால் மற்றவருக்கு ஒன்று குறையும் என்பது இயல்பாகத் தோன்றும் கணக்கு. ஆனால் வேலைகளின் எண்ணிக்கை நிலையாக நிற்பதில்லை. பேக்கிங்குக்கும் அயர்னிங்குக்கும் ஆள் இருப்பதால்தான் ஒரு கம்பெனி பெரிய ஆர்டரை ஒப்புக்கொள்கிறது. அந்த ஆர்டர் வந்தால் கட்டிங் மாஸ்டருக்கும், வாங்குநரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்கும் கணக்கருக்கும் லாரி ஓட்டுநருக்கும் வேலை. இவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்கள். கூடவே வாடகை, மளிகை, செல்போன் ரீசார்ஜ் என்று வெளிமாநிலத்தவர் செலவழிக்கும் பணமும் இங்கேதான் சுற்றுகிறது.

1980இல் கியூபாவிலிருந்து சுமார் ஒன்றேகால் லட்சம் பேர் சில மாதங்களில் அமெரிக்கா சென்றார்கள். மயாமி நகரத்தின் தொழிலாளர் தொகை ஏறக்குறைய 7 சதவீதம் கூடியது. பொருளியல் அறிஞர் டேவிட் கார்டு ஆராய்ந்தபோது மயாமிவாசிகளின் கூலியிலும் வேலையிலும் பெரிய பாதிப்பு தெரியவில்லை. பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களின் கூலி குறைந்தது என்று பின்னால் வேறு ஆய்வாளர் மறுத்தார். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

அந்த மறுப்பை நாமும் மதிக்க வேண்டும். மொத்தத்தில் ஊருக்கு லாபம் என்பதால் எல்லோருக்கும் லாபம் ஆகிவிடாது. நிலம் இல்லாத, படிப்பு இல்லாத, ஐம்பதைத் தொட்ட உள்ளூர்த் தொழிலாளி அதே சுமை தூக்கும் வேலைக்காகத் தினமும் இருபத்திரண்டு வயதுப் பையனோடு போட்டியிடுகிறார். கூலி கூட்டிக் கேட்டால் "ஆள் இருக்கிறது" என்ற பதில் வரும். அவர் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. அது போய்ச் சேரும் இடம்தான் தவறு. அவரைப்போலவே பேரம் பேச வலுவில்லாத இன்னொருவர்மீது அது விழுகிறது.

சட்டம் யார் பக்கம்?

இந்தியாவின் எந்தப் பகுதிக்கும் சென்று, தங்கி, தொழில் செய்ய அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை தருகிறது. "அவர்களை வரவிடாமல் தடுங்கள்" என்ற கோரிக்கை அங்கேயே முடிந்துவிடுகிறது. வங்கமொழி பேசுபவரெல்லாம் வங்கதேசத்தவர் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டியிருக்கிறது. மேற்கு வங்கம் நம் நாட்டு மாநிலம்.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான வீடியோக்கள் பரவின. பயந்துபோன பலர் ரயில் ஏறினார்கள். பீகார் அரசின் குழு நேரில் வந்து விசாரித்தது. பொய் பரப்பியவர்கள்மீது வழக்குகள் பதிவாயின. சில நாள்களின் வதந்தி கம்பெனிகளை எந்த அளவுக்குக் கதிகலங்க வைத்தது என்பதே தொழிலின் சார்பு எவ்வளவு ஆழமானது என்பதற்கு அத்தாட்சி.

1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டத்தில் முக்கியமான ஒரு விதி இருந்தது. ஒரே மாதிரி வேலைக்கு உள்ளூர்த் தொழிலாளிக்குத் தரும் அதே கூலியும் விடுமுறையும் வேலை நேரமும் வெளிமாநிலத்தவருக்கும் தரப்பட வேண்டும். காண்டிராக்டர் வழியாக வந்தவர்களுக்கே அந்தச் சட்டம் பொருந்தியது. ஏட்டில் இருந்த அளவுக்குப் பட்டறையில் இருந்ததில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அதற்கு மாற்றாக வந்துள்ளன. தாமாகவே ரயிலேறி வந்தவரும் இப்போது புலம்பெயர் தொழிலாளர் என்ற வரையறைக்குள் அடங்குவார். அது முன்னேற்றம். ஆனால் முன்பு ஐந்து பேர் இருந்தாலே சட்டம் பொருந்தியது, இப்போது பத்துப் பேர் இருக்க வேண்டும். சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டுகள் நிறைந்த கொங்கு நாட்டில் இது சிறிய விஷயம் அல்ல.

வெளிமாநிலத்தவருக்குச் சம கூலி கேட்பது உள்ளூர்த் தொழிலாளிக்கு எதிரானது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு நேர் எதிராகத் தோன்றுகிறது. ஒருவரைக் குறைந்த கூலிக்கும் இ.எஸ்.ஐ., பி.எஃப். இல்லாமலும் வைத்துக்கொள்ள முடிகிறவரை, இன்னொருவரை முழு உரிமையோடு வைத்துக்கொள்ள முதலாளிக்குக் காரணம் இருக்காது. மலிவாக ஆள் வைக்கும் வழியை அடைத்தால் உள்ளூர்க்காரருக்கும் கதவு திறக்கும். தொழிற்சங்கங்கள் இந்தியிலும் ஒடியாவிலும் துண்டறிக்கை அச்சிடத் தொடங்கினால், கூலி ஒப்பந்தப் பேச்சில் அவர்களின் பலமும் கூடும்.

இந்த வரவு எத்தனை காலம்?

வடக்கில் ஆட்கள் வற்றவே மாட்டார்கள் என்ற நினைப்பில்தான் இங்கே பலர் அடுத்த கட்டடத்துக்கு அடித்தளம் போடுகிறார்கள். அந்த நினைப்பு சரியல்ல. அதே 2019–21 கணக்கெடுப்பில் மேற்கு வங்கத்தின் கருவள விகிதம் 1.6, ஒடிசாவினுடையது 1.8, அசாமினுடையது 1.9. மூன்றும் 2.1க்குக் கீழே வந்துவிட்டன. ஜார்க்கண்ட் 2.3 என்ற அளவில் நெருங்கிவிட்டது. பீகார்கூட 2005–06இல் 4.0 ஆக இருந்து 3.0க்கு இறங்கியிருக்கிறது. குடும்பத்தோடு வந்தவர்களின் பிள்ளைகள் திருப்பூரின் அரசுப் பள்ளிகளில் தமிழ் படிக்கிறார்கள். பத்து ஆண்டுகளில் அவர்கள் எதிர்பார்க்கும் கூலி திருப்பூர்க்காரரின் எதிர்பார்ப்புக் கூலியாகத்தான் இருக்கும். தேனியிலிருந்து வந்தவரின் பிள்ளைக்கு நடந்தது அவர்களுக்கும் நடக்கும்.

இன்று ஆள் கிடைக்கும் காலத்திலேயே செய்யக்கூடியவை இருக்கின்றன. 2021இல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது வேலைக்குப் போகும் செலவு ஒரே நாளில் குறைந்தது. அதோடு கம்பெனிகள் கூடிச் சேர்ந்து ஒரு குழந்தைகள் காப்பகம் நடத்தினால், எட்டு மணி நேர ஷிப்டை எட்டு மணி நேரத்திலேயே முடித்தால், பத்துக் கிலோமீட்டர் சுற்றளவில் வீட்டில் இருக்கும் எத்தனையோ பெண்களின் கணக்கு மாறும். வெளிமாநிலத்தவருக்கான விடுதியைக் கம்பெனியின் பிடியிலிருந்து எடுத்துத் தொழிற்பேட்டை அளவில் பொதுவாகக் கட்டினால், வேலை போனாலும் அறை போகாது. ஆள் செய்யக் கூடாத வேலைகளுக்கு, குறிப்பாகச் சாயப்பட்டறையிலும் பவுண்டரியிலும் உடம்பைக் கெடுக்கும் வேலைகளுக்கு, இயந்திரம் வாங்க அரசின் மானியக் கடனை முதலில் திருப்பிவிடலாம். இதில் எதற்கும் எந்த மாநிலத்தவரையும் விரட்ட வேண்டிய தேவை இல்லை.